பஸ் போர்டிலிருந்து படிவம் வரை: ‘என்னால் முடியும்’ என்பதை எப்படிச் சம்பாதிப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்பவருக்கு 26 வயது, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், பிறகு பி.காம். உள்ளூர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். மலையாளம் காதில் விழுந்தால் புரியும், பேசும்போது தடுமாறும், படிக்கத் தெரியாது. ஒரு படிவத்தைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, கவுன்டரில் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கு இரண்டு முறை படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டாயிற்று. “தன்னம்பிக்கை இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிப் பார்த்தேன், இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?”

முதலில் அந்தக் கண்ணாடியை விட்டு நகருங்கள். மோசமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வது வெறும் பிரமையல்ல. 2009-இல் ஜோன் உட் என்ற கனடா உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ‘நான் அன்புக்குரியவள்’ என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, தம்மைப் பற்றி ஏற்கனவே தாழ்வாக நினைத்திருந்தவர்கள் முன்பைவிடச் சோர்ந்துபோனார்கள். வாய் ஒன்றைச் சொல்லும்போது மனம் அதற்கு எதிர்ச்சாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். சாட்சி இல்லாத வழக்கை எத்தனை முறை வாதாடினாலும் தீர்ப்பு மாறாது.

நீங்கள் ‘தன்னம்பிக்கை’ என்று கேட்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தம்மை மொத்தமாக எப்படி மதிக்கிறார் என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு வேலையைத் தம்மால் செய்துமுடிக்க முடியும் என்று அவர் நம்புவது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பெயரும் இலக்கணமும் கிடைத்தன. தமிழில் அதைத் தன்திறன் நம்பிக்கை என்கிறோம். பால் சங்கக் கணக்கில் பத்து பைசா உதைத்தாலும் அரைமணியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று நீங்கள் நம்புகிறீர்கள் அல்லவா, அது தன்திறன் நம்பிக்கைதான். ஆக, உங்களுக்கு நம்பிக்கையே இல்லை என்பது உண்மையில்லை. கணக்கில் இருக்கிறது, மலையாளப் படிவத்தில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், ‘என் சுபாவமே இப்படி’ என்ற பெரிய மலை, ‘இந்த எழுத்து எனக்குத் தெரியாது’ என்ற அளவுக்குச் சுருங்கிவிடும்.

இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் பாண்டுரா. தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் காட்டும் அறிகுறி. நான்கும் சமமானவை அல்ல. முதலாவதுதான் ஆணிவேர், மற்ற மூன்றும் அதற்கு நீர் பாய்ச்சுபவை. அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி முதலாவதைப் பற்றியே இருக்கும்.

ஒரு நோட்டில் உங்களுக்குச் சங்கடம் தரும் எட்டு அல்லது பத்து வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘மலையாளம் கற்பது’ என்று எழுதினால் பயனில்லை. ‘பஸ் போர்டில் ஊர்ப் பெயரைப் படிப்பது’, ‘பால் ஊற்ற வரும் சேச்சியிடம் கொழுப்பு ஏன் குறைந்தது என்று மலையாளத்தில் சொல்வது’, ‘பேங்க் படிவத்தை ஆள் துணையின்றி நிரப்புவது’, ‘அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில்) எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசுவது’, ‘மாதிரித் தேர்வு ஒன்றை முழுதாக எழுதி முடிப்பது’ என்று எழுதுங்கள். எதிரே, இன்றைய தேதியில் அதைச் செய்துவிட முடியும் என்று எத்தனை உறுதி என 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் முடியவே முடியாது, 50 என்றால் முடிந்தாலும் முடியலாம், 100 என்றால் சந்தேகமே இல்லை. ஆய்வாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: ‘செய்ய வேண்டும்’ என்ற ஆசைக்கு மதிப்பெண் போட்டுவிடுவது. கேள்வி ஆசையைப் பற்றியது அல்ல, நாளைக் காலை அந்த கவுன்டரில் நிறுத்தினால் நடக்குமா என்பதுதான்.

பட்டியல் கிடைத்ததும் பலரும் 10 போட்ட வேலையில் போய் மோதுகிறார்கள். பயத்தை உடைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அங்கே தோற்றால் பழைய தீர்ப்புக்குப் புதிய சாட்சி சேரும், அவ்வளவுதான். 90 போட்டதைச் செய்தாலும் லாபமில்லை, அது ஏற்கனவே தெரிந்த கதை. என் கணிப்பில் 60-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பதில் தொடங்குவதே நல்லது: கொஞ்சம் உழைத்தால் கைகூடும், கைகூடினால் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். 40-க்குக் கீழே இருக்கும் எதையும் அப்படியே தொடக்கூடாது. அதை உடைத்து, முதல் துண்டு 60-ஐத் தொடும்வரை சிறிதாக்க வேண்டும்.

உடைப்பதன் பலனுக்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1981-இல் பாண்டுராவும் டேல் ஷுங்க்கும் கழித்தல் கணக்கு வராமல் வெறுத்துப்போயிருந்த சிறுவர்களுக்கு 42 பக்கப் பயிற்சி கொடுத்தார்கள், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் அமர்வுக்கு ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழாம் அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆறு பக்கக் குழுவுக்குத்தான் திறமையும், தன்திறன் நம்பிக்கையும், கணக்கின் மேல் ஆர்வமும் கூடின. தொலைவிலுள்ள இலக்கு மட்டும் இருந்தவர்கள், இலக்கே தரப்படாதவர்களைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. ‘இந்த வருஷம் பி.எஸ்.சி. எழுதி வேலை வாங்குவேன்’ என்பது 42 பக்கம். உங்கள் ஆறு பக்கம் எது?

மலையாளப் படிப்பை வைத்தே பார்ப்போம். இதில்தான் உங்களுக்கு விரைவில் சாட்சி கிடைக்கும்.

மலையாளத்தில் 36 மெய்யெழுத்து என்றதும் மலைத்துவிடாதீர்கள். அவற்றில் 17, தமிழில் நீங்கள் அன்றாடம் எழுதும் க, ங, ச, ஞ வரிசையேதான் (ந-வுக்கும் ன-வுக்கும் அங்கே ஒரே எழுத்து, அதனால் 18 அல்ல, 17). ஜ, ஷ, ஸ, ஹ நான்கின் ஒலியும் நமக்குப் பழக்கம். ஆக 21 ஆயிற்று. மீதி 15 மட்டுமே புதியவை. அவற்றில் பெரும்பாலானவை சமஸ்கிருதச் சொற்களில் வரும் அழுத்த ஒலிகள். ண, ள, ய, த போன்ற சில எழுத்துகளில் தமிழ்ச் சாயல் அப்படியே தெரியும். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ‘பொ’ போன்ற எழுத்துகளில், தமிழைப் போலவே குறிகள் எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும்.

முதல் வாரம் நாளுக்கு மூன்று எழுத்து, அந்த 17 மட்டும். சிறுவர் பாடப்புத்தகத்தில் தொடங்க வேண்டாம், பஸ் போர்டில் தொடங்குங்கள். பாலக்காடு, சிற்றூர், கொல்லங்கோடு, பொள்ளாச்சி, நாட்டுக்கல், வேலந்தாவளம்: எந்த பஸ் எங்கே போகும் என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரியும். விடை கையில் இருப்பதால் எழுத்து தானாகப் பிடிபடும். வாரத்துக்குப் பத்து போர்டுகளை மொபைலில் படமெடுத்து, இரவில் ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதிப் பாருங்கள்.

இங்கே தடுக்கி விழும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘பாலக்காடு’ என்பது மலையாளத்தில் ‘பாலக்காட்’ என்று புள்ளி போன்ற சந்திரக்கலையோடு முடியும். பிழை என்று நினைக்க வேண்டாம், சொல்லின் கடைசியில் அது நம் குற்றியலுகரம்தான், வாய் அரைகுறையாக மூடும் அதே உகரம். ‘சிற்றூர்’ என்பதன் ற்ற, ஒரு ற-வின் கீழ் இன்னொரு ற-வாக நிற்கும், உச்சரிப்பு நாக்கு நுனியில் வரும். கடைசி ‘ர்’ தனி வடிவம் கொண்ட சில்லெழுத்து, அதாவது சந்திரக்கலை இல்லாமலே மெய்யாக ஒலிக்கும் எழுத்து. பரவலாக வழங்கும் சில்லெழுத்துகள் ஐந்து: ண், ன், ர், ல், ள். அடுத்த தடங்கல் பழைய லிபி. 1971-இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து உகரக் குறிகளையும் பல கூட்டெழுத்துகளையும் பிரித்து எழுதச் செய்தது. ஆனால் பழைய வடிவங்கள் மறையவில்லை, இன்றும் போர்டுகளிலும் அச்சிலும் இரண்டும் கலந்தே வரும். ஒரு சொல் மட்டும் பிடிபடாமல் நின்றால், அது நீங்கள் கற்காத பழைய கூட்டெழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மண்டையைக் குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாம் வாரம் கடைப் பெயர்கள், ரேஷன் கடை அறிவிப்பு. மூன்றாம் வாரம் புதிய 15 எழுத்துகள், நாளுக்கு மூன்றாக ஐந்து நாள். நான்காம் வாரம் செய்தித்தாளின் முதல் பக்கத் தலைப்புகள் மட்டும். அதற்குப் பிறகு படிவம். படிவங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இருபது, இருபத்தைந்துக்கு மேல் போகாது. அவற்றிலும் பாதி நமக்குச் சொந்தக்காரச் சொற்கள்: பேரு, மேல்விலாசம், ஜனனத்தீயதி, தொழில், வார்ஷிக வருமானம், ஸ்தலம், தீயதி, ஒப்பு. கடைசிச் சொல் கையெழுத்தைக் குறிக்கிறது. அபேக்ஷ என்றால் விண்ணப்பம். ஏமாற்றும் சொற்கள் சிலவும் உண்டு. மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ‘சம்சாரிக்கணும்’ என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் பேச வேண்டும் என்று பொருள், பெண்டாட்டியைப் பற்றியது அல்ல. குடிக்க வெள்ளம் தரட்டுமா என்று கேட்டால் பதற வேண்டாம், தண்ணீர்தான்.

படிவத்தில் கை நடுங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். இதுவரை உங்கள் படிவங்களையெல்லாம் யார் நிரப்பினார்கள்? அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை சென்டரில் இருப்பவர், பேங்க்கில் வரிசையில் நின்ற யாரோ ஒரு சேட்டன், வீட்டில் மாமா. காரியம் முடிந்துவிடும், ஆனால் பெருமை அவர்கள் கணக்கில் வரவாகும். உங்கள் பேரேட்டில் ‘நான் இல்லாமலேயே நடந்தது’ என்று ஒரு பற்று மட்டும் ஏறும். உதவி கூடாது என்று சொல்லவில்லை. உதவியைப் படிப்படியாகக் கழற்ற வேண்டும். பாம்புக்கு அஞ்சி நடுங்கியவர்களை வைத்து பாண்டுரா செய்த சோதனைகள் இதில்தான் பேர் பெற்றவை. முதலில் பாதுகாப்பான தூரத்திலிருந்து, இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்ப்பார்கள். பிறகு உதவியாளர் துணையோடு, கையுறை போட்டுத் தொடுவார்கள். அப்புறம் வெறுங்கை. கடைசியில் உதவியாளர் விலகிக்கொள்ள, தாங்களே பிடிப்பார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட, இப்படித் துணையோடு தொடங்கித் தனியாக முடித்தவர்களுக்கே பயம் நன்றாகத் தெளிந்தது.

படிவத்திலும் அதே முறை. ஒரே படிவத்தை நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நகலை இன்னொருவர் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழில் குறிப்பு எழுதுங்கள். இரண்டாவதை வீட்டில் பென்சிலால் நீங்களே நிரப்பி, அவரிடம் திருத்தக் கொடுங்கள். மூன்றாவதை அவர் எதிரே நிரப்புங்கள், இரண்டே இரண்டு சந்தேகம் மட்டும் கேட்கலாம் என்று உங்களுக்கு நீங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது தனியாக, பேனாவால். இதில் கெட்டுப்போகும் இடம் இரண்டாம் கட்டம்: திருத்துகிறேன் என்று தொடங்கியவர் பேனாவைப் பிடுங்கித் தாமே எழுதிவிடுவார். “தப்பு எங்கேன்னு மட்டும் காட்டுங்க சேச்சி, நானே மாத்திக்கறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சுக்கும் ஒரு படிக்கட்டு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1998-இல் தொடங்கிய, கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் பத்து முதல் இருபது பெண்கள் வாரம் ஒருமுறை கூடும் இடம். பேச்சு பிசிறினால் உலகம் இடிந்துவிடாது, ஆனாலும் எதிரில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ அங்கே இடம் இருந்தால், முதல் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கை நோட்டிலிருந்து வாசிக்க முன்வாருங்கள். எண்கள் உங்கள் சொந்தத் தோட்டம், வாசிப்பது பேசுவதைவிட எளிது. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி. அதற்கடுத்ததில் கடன் தவணை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று இரண்டு நிமிடம் நோட்டைப் பார்க்காமல். அதன் பிறகு அதே இரண்டு நிமிடம் மலையாளத்தில். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். மொழி, கூட்டம், விஷயம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தடுக்கியது என்றே தெரியாமல் போகும்.

தடுக்கத்தான் செய்யும். அப்போது எழுத நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு வையுங்கள்: என்ன நடந்தது, எந்த இடத்தில் உடைந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன். ‘எனக்கு மலையாளம் வராது’ என்பது இரண்டாம் பத்தியில் எழுதத் தகுதியில்லாத வாக்கியம், அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ‘வார்ஷிக என்ற சொல்லில் ஷ-வுக்கு முன் நிற்கும் சில்லெழுத்து ர் பிடிபடவில்லை’ என்பது தகுதியான வாக்கியம். தோல்விக்கு மாற்ற முடியாத காரணம் சொல்பவர் அடுத்த முறை முயல்வதில்லை, மாற்றக்கூடிய காரணம் சொல்பவர் முயல்கிறார்.

நேரம் ஒதுக்குவதில் ஒரு நுணுக்கம். ‘தினமும் படிப்பேன்’ என்பதைவிட ‘இது நடந்தவுடன் அது’ என்ற கட்டில் முடிவெடுப்பது அதிகம் நிற்கிறது என்பதை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டின. உங்களுக்கு அதற்கான முளைக்குச்சி தயாராகவே இருக்கிறது: காலைப் பால் அளவு முடிந்து, லிட்டர் கணக்கைப் பதிந்து, கேன் ஏறியவுடன் இருபது நிமிடம். மாலைப் பால் அளவுக்குப் பின் வேண்டாம், வீட்டு வேலை விழுங்கிவிடும். பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். 2010-இல் வெளியான லண்டன் ஆய்வில் நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை போனது. அதே ஆய்வில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு எதுவும் வரவில்லை. நீங்கள் இரண்டு முறை பாதியில் விட்டீர்களே, முதல் நாள் தவறியதும் ‘போச்சு’ என்று மூட்டை கட்டியிருக்க வாய்ப்புண்டு. திருவிழாவோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கு ஒரே ஒரு போர்டைப் படித்துவிட்டுப் படுங்கள்.

பிறரைப் பார்த்துக் கற்பதில் ஆள் தேர்வுதான் முக்கியம். முதல் ரேங்க் வாங்கியவரின் யூடியூப் பேட்டி உங்களுக்கு அதிகம் உதவாது, அவருக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அது காட்டும். தமிழ் மீடியத்தில் படித்து, வேலை பார்த்துக்கொண்டே, தட்டுத் தடுமாறி எழுதி முடித்த ஓர் அக்காவைத் தேடுங்கள். சிற்றூர் தாலுகாவில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. “எப்படி ஜெயிச்சீங்க?” என்று கேட்காதீர்கள். “எங்க மாட்டிக்கிட்டீங்க, அப்போ என்ன செஞ்சீங்க, எத்தனை நாள் ஆச்சு?” என்று கேளுங்கள். தடுமாறி மீண்டவரைப் பார்ப்பது, தடுமாறாமல் செய்பவரைப் பார்ப்பதைவிடத் திணறுபவருக்கு அதிகம் உதவும் என்பதை ஷுங்க்கின் பிந்தைய ஆய்வுகளும் காட்டின.

வீட்டார் சொல்லும் சொல்லைப் பற்றிச் சுருக்கமாக. “உனக்கு நல்ல மூளை அம்மிணி, நீ பார்த்துக்குவே” என்ற பாராட்டில் ஒரு முள் இருக்கிறது. 1998-இல் கிளாடியா மியூலரும் கரோல் ட்வெக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் கடினமான புதிர்களில் தோற்றபின் சீக்கிரம் துவண்டார்கள். உழைப்பைச் சுட்டிப் புகழப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பெற வேண்டியது, கண்ணால் கண்டதைச் சொல்லும் சொல்: “போன மாசம் போர்டு பார்த்து முழிச்சே, இன்னைக்கு நீயே படிச்சே.” இகழ்ச்சி விஷயத்தில் நிலைமை தலைகீழ். பாராட்டு நம்பிக்கையை மெதுவாகக் கட்டும், ஒரு நக்கல் அதை ஒரே நாளில் சாய்க்கும். முதல் நான்கு வாரம் இந்த முயற்சியை நக்கலடிக்கும் வாய்களிடமிருந்து மறைத்து வைப்பதில் தவறே இல்லை.

கவுன்டரில் நெஞ்சு படபடக்கிறது என்றீர்கள். அதை அடக்க முயல்வது வீண் வேலை. 2014-இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் நடத்திய சோதனைகளில், பாடவும் மேடையில் பேசவும் கணக்குப் போடவும் போகுமுன் ‘எனக்குப் பரபரப்பாக, உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இரு என்று தம்மை அடக்கியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பும் உற்சாகமும் உடலில் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. இரவு ஐந்து மணிநேரம் தூங்கி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்துவிட்டு வரும் படபடப்பு வேறு கணக்கு. அதைப் பயம் என்று தப்பாகப் பதியாதீர்கள்.

இனி பி.எஸ்.சி. இங்கே எதிர்த்திசையில் ஓர் ஆபத்து உண்டு: பொய்யான நம்பிக்கை. 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ‘நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கோடு போட்டுப் படிப்பது மனசுக்கு இதம், பரீட்சைக்கு அல்ல. அதனால் இருபது நிமிடத்தில் எட்டு நிமிடம் படிப்பு, பன்னிரண்டு நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டுப் பழைய வினாக்கள்.

ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் எவ்வளவு உறுதி என்று 25, 50, 75, 100-இல் ஒன்றைக் குறியுங்கள். வார முடிவில் 75 என்று குறித்தவற்றில் உண்மையிலேயே நான்கில் மூன்று சரியா என்று எண்ணுங்கள். நான்கில் இரண்டுதான் என்றால் நம்பிக்கை உங்கள் அறிவைவிட முன்னால் ஓடுகிறது. நான்குமே சரி என்றால் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள். இது வெறும் மனப்பயிற்சியல்ல, மதிப்பெண்ணும் இதில் இருக்கிறது. கேரள பி.எஸ்.சி.யின் கொள்குறித் தேர்வுகளில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தாலே, மீதி மூன்றில் குத்துமதிப்பாகத் தொடுவது கேள்விக்குச் சராசரியாக ஒன்பதில் ஒரு மதிப்பெண் லாபம் தரும். தயங்கித் தயங்கிப் பாதிக் கேள்விகளை விட்டுவருபவர் அறிவுக்குறைவால் தோற்பதில்லை, தம் அறிவைத் தப்பாக எடைபோட்டுத் தோற்கிறார்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. எல்லாத் தடையும் உங்களுக்குள் இல்லை. ‘என்னால் செய்ய முடியுமா’ என்பதையும் ‘செய்தால் பலன் கிடைக்குமா’ என்பதையும் பாண்டுராவே தனித்தனியாக வைத்தார். படிவம் தமிழில் இல்லாதது உங்கள் குறைபாடு அல்ல. மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரியிடமும், ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு கொடுக்க அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. பாலக்காடு கலெக்டருக்கு நீங்கள் தமிழில் மனு எழுதலாம். மலையாளம் கற்பது உங்கள் விருப்பம், தமிழில் கேட்பது உங்கள் உரிமை. முதலாவதில் முன்னேற்றம் தெரியாத நாளில், இரண்டாவதையும் சேர்த்து உங்கள் தோல்வியாக எழுதிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: பல வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை என்றால், இந்த நோட்டை மூடி வைத்துவிட்டு 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி இலவச எண்ணில் பேசுங்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். மனச்சோர்வுக்குப் படிக்கட்டுப் பயிற்சி மருந்தாகாது.

நான்கு வாரம் முடிந்ததும் பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் அதே பட்டியலுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள், பிறகு இரண்டையும் அருகருகே வையுங்கள். எல்லாம் ஏறியிருக்காது. போர்டு 70-இலிருந்து 90 ஆகியிருக்கும், படிவம் 10-இலிருந்து 40 வந்திருக்கும், போனில் மலையாளம் பேசுவது அசையாமல் 20-இலேயே நிற்கும். நின்றதை மட்டும் எடுத்து, அந்த மாதத்தில் அதை எத்தனை முறை செய்தீர்கள் என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் அங்கே சாட்சியே சேரவில்லை, திட்டத்தை மாற்ற வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பத்துக்கு மேல் செய்தும் நிற்கிறது என்றால் படி உயரமாக இருக்கிறது. சேச்சிக்குப் போன் செய்வதற்கு முன், மலையாளத்தில் முப்பது விநாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது என்று ஒரு அரைப்படி போடுங்கள். தப்பாக வந்தால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம்.